பூங்காப் பணத்தில் முதற் பங்கு யாருக்கு?

பட்ஜெட் என்றதும் நம்மில் பலர் பத்திரிகையின் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். அது இலக்கங்கள் அடர்ந்த காடு, கணக்கர்களும் நிபுணர்களுமே அதில் வழி அறிவார்கள் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இது பெரும் பிழை. ஒரு பொது ஸ்தாபனம் என்ன சொல்லுகிறது என்பதை அதன் அங்கத்தினர்களின் பிரசங்கங்களிலிருந்து அறியலாம்; அது யாருக்காக உழைக்கிறது என்பதை அதன் பட்ஜெட்டிலிருந்தே அறியமுடியும். பெரிய ராஜ்யங்களின் பட்ஜெட்டுக்கு மாத்திரமல்ல, ஒரு நகரத்தின் பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் நடத்தும் சிறு சபையின் பட்ஜெட்டுக்கும் இந்த விதி பொருந்தும். அத்தகைய சபை ஒன்றின் வருஷாந்தரக் கணக்கு எவ்வாறு உருவாகிறது என்பதை இன்று நேயர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், மினஸோட்டா ராஜ்யத்தில், மிஸிஸிப்பி நதிக்கரையில் அமைந்திருப்பது மினியாபொலிஸ் நகரம். 2020ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அதன் தொகை ஏறக்குறைய 4 லட்சத்து 30 ஆயிரம். அங்கே பூங்காக்கள் நகரசபையின் இலாகாக்களில் ஒன்றாக வைக்கப்படவில்லை. 1883இல் ராஜ்யச் சட்டசபை ஒரு சட்டம் இயற்ற, நகரத்து வாக்காளர்கள் அதைத் தங்கள் வோட்டால் ஊர்ஜிதம் செய்ய, பூங்காக்களுக்கென்றே தனிச் சபை ஏற்பட்டது. நகரசபை இதை விரும்பவில்லை. தன் அதிகாரத்தில் ஒரு பங்கு போவதை எந்தச் சபைதான் விரும்பும்? எனினும் ஜனங்களின் தீர்ப்பே நிலைத்தது. சார்லஸ் லோரிங் என்பவர் முதல் தலைவரானார். நிலத்தின் விலை ஏறுமுன்பே ஏரிக்கரைகளையும் நதிக்கரைகளையும் பொதுச் சொத்தாக்கிவிட வேண்டுமென்று ஹொரேஸ் கிளீவ்லண்ட் என்ற தோட்டக்கலை நிபுணர் யோசனை கூறினார். அந்த முன்யோசனையின் பலனை இன்றும் அந்நகரத்தார் அனுபவித்து வருகிறார்கள்.

இப்பொழுது அச்சபையில் 9 கமிஷனர்கள் இருக்கின்றனர். 6 பேர் வட்டாரத்துக்கு ஒருவராகவும், 3 பேர் நகரம் முழுவதற்கும் பொதுவாகவும், 4 வருஷங்களுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பூங்காவுக்கென்று தனியாக வோட்டுப் பெற்றவர், பூங்காவுக்கென்று தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். சாக்கடை பழுதாயிற்று, போலீஸ் செலவு ஏறிற்று என்று சாக்குச் சொல்லித் தப்பிக்க அவருக்கு வழியில்லை. இது அந்த ஏற்பாட்டின் முதற் சிறப்பு.

இனி வருமானத்தைக் கவனிப்போம். அன்றாடச் செலவுக்கான பணத்தில் மிகப் பெரும் பகுதி சொத்து வரியிலிருந்து வருகிறது. ராஜ்ய சர்க்கார் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அளிக்கும் உதவித் தொகையில் ஒரு பங்கும், கட்டணங்களால் கிடைப்பதும் அதனுடன் சேர்கின்றன. கோல்ப் மைதானங்கள், வண்டி நிறுத்துமிடங்கள், சிற்றுண்டிக் கடைகள் முதலியவற்றுக்குத் தனிக் கணக்கு. அவை வியாபாரத்தைப் போல் தம் வரவைக்கொண்டே தம் செலவைச் சமாளிக்க வேண்டும் என்பது கொள்கை. ஏரிகளைச் சூழ்ந்த பெரிய பூங்காக்களுக்கோ, சுற்றுப்புற ஊர்களெல்லாம் வந்து அனுபவிப்பதால், வேறு வழியிலும் பணம் வருகிறது. 2008இல் மினஸோட்டா வாக்காளர்கள் தங்கள் அரசியல் சட்டத்தையே திருத்தி, விற்பனை வரியை நூற்றுக்கு எட்டில் மூன்று பங்கு உயர்த்திக்கொண்டு, அந்தத் தொகையை நீர்நிலை, காடு, பூங்கா, கலை ஆகியவற்றுக்கென ஒதுக்கினர். ஆனால் இவ்வாறு வரும் பணத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஏரிப் பூங்காவுக்கு வந்த பணத்தை ஏழைத் தெருவின் மூலையிலுள்ள சிறு மைதானத்துக்குச் செலவிட முடியாது. ஆகவே சபையின் கையில் பணம் இருக்கிறது என்று கேட்டு மகிழ்வது போதாது. எந்தப் பையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அவர்களுடைய நிதி வருஷம் ஜனவரி 1ஆம் தேதி தொடங்கி டிஸம்பர் 31இல் முடிகிறது. எனினும் அடுத்த வருஷத்துப் பட்ஜெட் வேலை அதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே ஆரம்பமாகிவிடுகிறது. இலாகா அதிகாரிகள் சென்ற வருஷத்து அநுபவத்தைப் பார்த்துத் தங்கள் தேவைகளை எழுதிக் கொடுக்கிறார்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு மைதானங்களுக்கு எத்தனை ஆட்கள், கோடையில் ஏரித்துறைகளில் நீந்துவோரைக் காக்க எத்தனை ஆட்கள், புல் வெட்டும் யந்திரங்களில் எவை இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்பவையெல்லாம் அங்கே கணக்காகின்றன. இவற்றைச் சூப்பரிண்டெண்டு ஒன்றுசேர்த்து, வெட்டியும் கூட்டியும், தம் சிபார்சுடன் கமிஷனர்கள் முன் வைக்கிறார்.

வரி எவ்வளவு என்று முடிவு செய்வதிலும் ஒரு தடுப்பு உண்டு. மேயரும், நகரசபையின் பிரதிநிதிகளும், பூங்காச் சபையின் பிரதிநிதி ஒருவரும், ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுத்த இருவரும் அடங்கிய வரி மதிப்பீட்டுச் சபை ஒன்று உச்ச வரம்பை நிர்ணயம் செய்கிறது. ஸெப்டம்பர் மாத முடிவுக்குள் அந்த வரம்பு வெளியாகிவிட வேண்டும். அதன் பின்னர் வரியைக் குறைக்கலாம்; கூட்டலாகாது. நவம்பரில் நிலமும் வீடும் உள்ள ஒவ்வொருவருக்கும், அடுத்த வருஷத்தில் அவர் எவ்வளவு வரி கொடுக்க நேரும் என்பதைக் காட்டும் அறிவிப்பு தபாலில் போகிறது. பிறகு வரியையும் பட்ஜெட்டையும் பற்றிப் பகிரங்கக் கூட்டம் கூட்டி ஜனங்களைப் பேசவிட வேண்டும். அந்தக் கூட்டம் மாலை 6 மணிக்கு முன் தொடங்கலாகாது என்று மினஸோட்டா சட்டம் விதிக்கிறது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பகலெல்லாம் கூலி வேலை செய்பவன் காலை 11 மணிக்கு நடக்கும் கூட்டத்துக்கு எப்படி வருவான்? அவன் வரமுடியாத நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டு, ஜனங்கள் ஆட்சேபிக்கவில்லை என்று தீர்மானம் எழுதுவது எங்கும் எளிது. அந்த எளிய தந்திரத்தை ஒரு வரியில் சட்டம் அடைத்துவிட்டது. டிஸம்பரில் கமிஷனர்கள் இறுதி வோட்டு அளிக்கிறார்கள்.

செலவில் இருவகை உண்டு. ஒன்று ஆண்டுதோறும் நடக்கும் செலவு. மற்றொன்று கட்டடம், விளையாட்டுச் சாதனம், பாதை போன்ற நிலையான காரியங்களுக்கான மூலதனச் செலவு. பின்னதற்கு 6 வருஷத் திட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அதைத் திருத்தி வருகிறார்கள். புதுக் கட்டடம் திறக்கும் நாளில் மாலையும் கைதட்டலும் கிடைக்கும். கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்பவனுக்கு எதுவும் கிடைப்பதில்லை. இதனால் ஸ்தல ஸ்தாபனங்கள் எங்குமே கட்டுவதில் ஆர்வமும் காப்பதில் சோர்வும் காட்டுகின்றன. கட்டும்பொழுதே காக்கும் செலவையும் எழுதாத பட்ஜெட் பாதிக் கணக்கு என்றே நாம் சொல்லுவோம்.

எதிர்பாராத செலவுக்கும் இடம் விட வேண்டும் என்பதற்கு அந்நகரத்து ஆஷ் மரங்களின் கதை சான்று. ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு ஒன்று அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் குடைந்து அழித்து வந்தது. 2010இல் மினியாபொலிஸிலும் அது காணப்பட்டது. மரங்கள் பட்டு விழட்டும், அப்புறம் பார்ப்போம் என்று சபை இருந்துவிடவில்லை. தெருவோரங்களிலும் பூங்காக்களிலும் உள்ள ஏறக்குறைய 40,000 ஆஷ் மரங்களை அப்புறப்படுத்தி வேறு மரங்களை நடுவதற்கு 8 வருஷத் திட்டம் வகுத்து, அதற்கெனத் தனி வரி விதித்து, 2014 முதல் வேலை தொடங்கிற்று. ஒரே வருஷத்தில் வந்திருந்தால் தாங்கமுடியாத சுமை, 8 வருஷங்களில் பங்கிடப்பட்டதால் தாங்கக்கூடியதாயிற்று.

இவ்வளவும் நல்ல நிர்வாகம். ஆனால் நல்ல நிர்வாகம் மட்டுமே நியாயமாகிவிடாது. பணம் போதாதபொழுது முதலில் யாருக்குக் கொடுப்பது? இந்தக் கேள்வியில்தான் பட்ஜெட்டின் உயிர் இருக்கிறது. அந்நகரத்தின் தெருப் பூங்காக்கள் பழமையடைந்து, ஊஞ்சல்களும் சறுக்கு மரங்களும் பாதைகளும் சீர்குலைந்திருந்தன. பழுதுபார்க்கப் பணம் போதவில்லை. ஏழைகளும் கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மையோரும் வாழும் பகுதிகள் புறக்கணிக்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டும் பலமாக எழுந்தது. 2016இல் நகரசபையும் பூங்காச் சபையும் இசைந்து ஓர் ஏற்பாடு செய்தன. தெருப் பூங்காக்களுக்கென வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 1 கோடியே 10 லட்சம் டாலர் வீதம், 20 வருஷங்களுக்குக் கூடுதல் பணம் ஒதுக்குவதென்று முடிவாயிற்று. அதில் ஒரு பகுதி பராமரிப்புக்கு. மற்றொரு பகுதி பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும்.

தொகையைவிட முக்கியமானது அத்துடன் பிறந்த விதி. எந்தப் பூங்காவுக்கு முதலில் பணம் என்பதைக் கமிஷனர்களின் விருப்பத்துக்கு விடாமல், புள்ளிகள் இட்டு வரிசைப்படுத்த ஏற்பாடு செய்தார்கள். அக்கம்பக்கத்தில் வறுமையும் இனப் புறக்கணிப்பும் ஒருங்கே குவிந்திருக்கின்றனவா, ஜன நெருக்கம் எவ்வளவு, சிறுவர்கள் எத்தனை பேர், பந்தோபஸ்து எப்படி, பூங்காவிலுள்ள சாதனங்களின் நிலைமை என்ன, அவற்றின் ஆயுள் எவ்வளவு மீதி, இதுவரை அங்கே எவ்வளவு செலவிடப்பட்டிருக்கிறது என்பவை அளவுகோல்கள். வரிசை அச்சிட்டு வெளியிடப்படுகிறது. எவரும் தம் தெருப் பூங்கா எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதன் மகிமை என்ன? விதியில்லாத இடத்தில் உரத்த குரலே விதியாகிறது. படித்தவர்களும் வக்கீல்களும் செல்வர்களும் நிறைந்த பேட்டையிலிருந்து மனுக்கள் வரும், தூதுகள் வரும், கூட்டங்களில் கைகள் உயரும். இரண்டு வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பவள் மனு எழுத எங்கே நேரம் காண்பாள்? அவளுடைய குழந்தையின் ஊஞ்சல் அறுந்து கிடக்கும். முன்கூட்டியே எழுதி வைத்த விதி, கூட்டத்துக்கு வராதவளின் பிரதிநிதியாகக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

குறையில்லாத ஏற்பாடு என்று நாம் புகழ வரவில்லை. வரி ஏறினால் சொந்த வீடில்லாத ஏழைக்கும் வாடகை வழியே சுமை ஏறும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. புள்ளிக் கணக்கு எல்லாவற்றையும் அளந்துவிடாது என்பதும் உண்மை. ஹயவாதா என்ற கோல்ப் மைதானம் 2014இல் வெள்ளத்தில் மூழ்கியது. அதைப் பழையபடி நடத்துவதா, நீருக்கு இடம்விட்டுச் சுருக்குவதா என்ற வாதம் பல வருஷங்கள் நீடித்து, 2022இல்தான் 18 குழிகளை 9 ஆகக் குறைக்கும் திட்டத்தைச் சபை அங்கீகரித்தது. நிறவேற்றுமை கொடிகட்டிப் பறந்த காலத்தில் கறுப்பினத்தவர் ஆடிப் பழகிய மைதானம் அது. அவர்களது நினைவுக்கு எந்த அளவுகோலில் எத்தனை புள்ளி இடுவது?

இன்னொரு பாடம் 2024இல் கிடைத்தது. அவ்வருஷம் ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்கர்களின் சுதந்திர தினத்தன்று, பூங்காத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சபையின் 141 வருஷ சரித்திரத்தில் அது முதல் வேலைநிறுத்தம். ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குப் பின்னரே சமரசம் ஏற்பட்டது. பூங்கா என்பது மரமும் புல்லும் மட்டுமல்ல. புல் வெட்டும் கையும் குப்பை அள்ளும் கையும் சேர்ந்ததே பூங்கா. தெருக்களுக்கிடையே நியாயம் தேடிய சபை, தன் தொழிலாளருக்குரிய நியாயத்தையும் அதே பட்ஜெட்டில் எழுத வேண்டியிருக்கிறது என்பதை அந்த மூன்று வாரங்கள் நினைவூட்டின.

ஆயினும், குறைகளைக் கண்டு அந்த முறையை இகழ்வது பேதைமை. அங்கே குறைகள் வெளிச்சத்தில் இருக்கின்றன. வரம்பு ஸெப்டம்பரில் தெரிகிறது. அறிவிப்பு நவம்பரில் வீடு தேடி வருகிறது. டிஸம்பரில் வோட்டு யார் யார் அளித்தார் என்பது பதிவாகிறது. நான்கு வருஷங்களுக்குள் அவர்கள் மறுபடி ஜனங்களிடம் வந்தாக வேண்டும். தவறு செய்யாத சபையை நாம் எங்கும் கண்டதில்லை. தவற்றை மறைக்க முடியாத சபையை ஜனங்கள் உண்டாக்கிக்கொள்ள முடியும்.

பொதுப் பணியில் ஈடுபட்டுள்ள நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. தீர்மானங்களுக்குக் கைதூக்குவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. எந்த ஸ்தாபனமாயினும் அதன் பட்ஜெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்கப் பழகவேண்டும். பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது? கட்டுவதற்கு எழுதியவர்கள் காப்பதற்கும் எழுதியிருக்கிறார்களா? போதாதபொழுது முதற் பங்கு யாருக்கு என்ற விதியைப் பணம் வருமுன்பே பகிரங்கமாக எழுதி வைத்திருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில், அந்த முதற் பங்கு ஏற்கெனவே யாருக்கோ போய்விட்டது என்று நிச்சயமாக எண்ணிக்கொள்ளலாம்.