பாசியின் பிரயோஜனம்

பாசி என்றவுடன் நம் ஜனங்களின் நினைவுக்கு வருவது வழுக்கலும் அசுத்தமுமே. குளத்துப் படியில் கால் சறுக்கியவர் பாசியைத் திட்டுவார். தொட்டி நீர் பச்சையானால் வீட்டார் முகஞ் சுளிப்பர். அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளின்மீது பச்சைப் படலம் படரும்போதெல்லாம் கரையோரத்து அன்பர்கள் அதைச் சபிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் நாம் சபிப்பது குற்றவாளியையா, அன்றிக் குற்றத்துக்குச் சாட்சி கூற வந்தவனையா என்று சற்றே விசாரிப்பது நியாயமாகும்.

பாசிக்கு வேரில்லை, பூவில்லை, விதையில்லை. வெயிலும் நீரும் கரியமில வாயுவும் கிடைத்தால் அது தன் ஆகாரத்தைத் தானே ஆக்கிக்கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகிறது. உலகில் உண்டாகும் பிராணவாயுவில் ஏறக்குறையப் பாதி, கடலில் மிதக்கும் பாசிகளும் அவற்றையொத்த நுண்ணுயிர்களும் அளிப்பதே. தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் மிகுந்தால் பாசியும் மிகும். ஏரியில் இவ்விரண்டையும் கொட்டுவது யார்? வீட்டுச் சாக்கடையை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிட்ட நாமேயன்றோ! கொரட்டூர் ஏரியின் வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது பாசியின் குற்றத்தால் அன்று, கழிவுநீரின் குற்றத்தாலேயாம்.

இனிப் பாசியின் நற்குணங்களைக் கேண்மின். எருவே காணாத நன்செய்யும் ஆண்டாண்டாக நெல் கொடுத்துவரும் அதிசயத்துக்குக் காரணம் நீலப்பச்சைப் பாசிகளே என்பதை, பி. கே. டே என்னும் இந்திய விஞ்ஞானி 1939-ல் எடுத்துக் காட்டினார். அவை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. ஹெக்டேருக்கு ஒரு போகத்தில் சுமார் 25 கிலோ தழைச்சத்து இவ்வாறு சேரும் என்பர். நட்ட பத்தாம் நாள் ஏக்கருக்கு நான்கு கிலோ உலர்ந்த பாசியைத் தூவி, வயலில் நீர் நிறுத்தினாற் போதும். அந்தப் பாசி விதையையும் குடியானவர் தம் நிலத்து மூலையிலேயே ஆழமற்ற பாத்தி கட்டிப் பெருக்கிக்கொள்ளலாம். பூந்தமல்லிக்கு மேற்கே எஞ்சி நிற்கும் நெல் வயல்களுக்கு இதைவிட மலிவான எரு வேறுண்டோ?

இத்துறையில் நம் சென்னை எவருக்கும் பின்வாங்கியதன்று. 1886-ல் சென்னையில் பிறந்த எம். ஓ. பி. ஐயங்கார், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கி, பாரதத்தில் பாசியியலுக்கே தந்தை எனப் பெயர் பெற்றார். அவர் வழிவந்த டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதிய பெருநூல் 1959-ல் வெளியாயிற்று. எனினும் அவர்கள் கண்ட ஞானம் அம்பத்தூர் வரை வந்து சேரவில்லை.

கடற்பாசியின் கதையும் இத்தகையதே. ரமலான் நோன்புக் காலத்தில் நம் முஸ்லிம் சகோதரர் இல்லங்களில் தித்திப்பாகக் கடற்பாசி காய்ச்சுவதை யாவரும் அறிவர். அதே பொருளின்மீதுதான் 1882 முதல் நோய்க்கிருமிகளை வளர்த்து ஆராய்கின்றனர். நெடுங்காலம் இதன் வர்த்தகம் ஜப்பானியர் கையில் இருந்தது. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் அவ்வரவு நின்ற பிறகே, நம் கரையிலும் அது விளைகிறதென்று பலருக்கு நினைவு வந்தது! இராமநாதபுரம் கரையில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறிக்கும் பெண்கள், மாதத்தில் சுமார் 12 நாட்களே பறிப்பதெனத் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக் கொண்டனர். கடலால் பிழைப்பவர் கடலைக் காக்கின்றனர். ஏரி நீரைக் குடித்து வளர்ந்த நாமோ ஏரியைச் சாக்கடையாக்கினோம்.

ஆகாரமாகவும் பாசி உதவும். சுருள்பாசியை உலர்த்தினால் அதன் எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதம் புரதச் சத்து. சென்னை முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தில் சி. வி. சேஷாத்ரி முதலியோர், மண்பானையிலும் சிறு தொட்டியிலும் கிராமத்துப் பெண்களே இதனை வளர்க்கும் முறையை வகுத்தனர். கோடி ரூபாய் மூலதனம் வேண்டாத கைத்தொழில் இது.

இதைக் கேட்டு, ஏரிப் பாசியை அள்ளி உண்ணலாமென எவரும் எண்ணிவிடலாகாது. சாக்கடை தேங்கிய நீரில் பெருகும் சிலவகைப் பாசிகள் விஷம் உடையவை; கொதிக்க வைத்தாலும் அவ்விஷம் நீங்காது. மிகுந்த பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குன்றி மீன்களும் மடியும். நற்பணியாளனையும் இடந்தப்பி நிறுத்தினால் கேடே விளையும்.

ஆகவே பாசியை அதற்குரிய இடத்தில் நிறுத்த வேண்டும். வீட்டுக் கழிவுநீர் ஏரியில் விழுமுன், ஆழமற்ற குட்டைகளில் சில நாள் வெயிலில் தங்குமாயின், பாசி விடும் பிராணவாயுவைக் கொண்டு நுண்கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும். பாசியும் சத்துக்களை உறிஞ்சிக்கொள்ளும். அங்கே வாரிய பாசி எருவாகும். ஆனால் 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தபின் பெருகிய ஆலைகளின் கழிவு இதில் கலக்கவே கூடாது. ஏனெனில் அதிலுள்ள உலோகங்களையும் பாசி தன்னுள் சேர்த்துக்கொள்ளும், எருவே நஞ்சாகிவிடும். ஆலைக் கழிவை ஆலை வாசலிலேயே சுத்திகரிப்பது முதலாளிகளின் கடமை. அதைக் கண்காணிப்பது சர்க்காரின் கடமை.

சென்னை மாநகராட்சியாரும் ஆவடி மாநகராட்சியாரும், ஏரிக்கரையில் நடைபாதையும் படகும் அமைத்து மகிழுமுன், ஏரியில் விழும் ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து வருகிறதென்ற ஜாபிதாவை ஜனங்கள் முன் வைப்பார்களாக. ஊர் ஊழியர்களாகிய நம் வாசகர்கள் அந்த ஜாபிதாவைக் கேட்டு வாங்குவது வரை ஓயலாகாது. பச்சைப் படலம் நமக்கு எழுதப்பட்ட புகார் மனு. மனுவைக் கிழித்தெறிவதால் வழக்கு முடிந்துவிடாது.