குமாவோன் மலைநாட்டுக்கு எப்பொழுது செல்வது?

தில்லியில் வாழும் தமிழர் வீடுகளில் ஆண்டுதோறும் பங்குனி மாதம் பிறந்ததும் ஒரு பேச்சு எழுவதுண்டு. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியப் போகிறது; இவ்வாண்டு ஊருக்குப் போவதா, மலைக்குப் போவதா என்பதே அப்பேச்சு. ஊருக்கு ரயிலில் இடம் கிடைப்பது அரிது. மலையோ ஓர் இரவுப் பிரயாணம். இரவில் தில்லியில் வண்டி ஏறினால் விடியற்காலையில் காத்கோதாம் நிலையத்தில் இறங்கலாம். அதற்கு மேல் இருப்புப் பாதை இல்லை. 1884ஆம் ஆண்டில் அங்கே வந்து நின்ற பாதை இன்றும் அங்கேயேதான் நிற்கிறது. அப்பாலுள்ளது குமாவோன்.

உத்தராகண்ட மாநிலத்தின் கிழக்குப் பாதி இது. கிழக்கே காளி நதிக்கு அக்கரையில் நேப்பாளம், வடக்கே திபெத்து. நைனிதால் ஏரிக்கரையை நம்மவர் பலர் அறிவர். நான் கூற வந்தது அதைப் பற்றியன்று. அல்மோரா, பாகேசுவர், பித்தோராகட் பக்கங்களிலுள்ள சிற்றூர்களைப் பற்றியது இவ்வுரை. அங்கே படிப்படியாக வெட்டிய வயல்களும், கற்பலகை வேய்ந்த வீடுகளும், அவற்றுக்கு மேலே வானத்தை மறித்து நிற்கும் பனிமலைகளும் உண்டு. அங்கு செல்லத் தகுந்த பருவம் எது என்று பலர் கேட்கின்றனர். கேள்வி எளிது; ஆயினும் தவறான விடை சில வேளைகளில் திருத்த முடியாத நஷ்டமாகி விடும்.

என் தாயாருக்கு எழுபத்து மூன்று வயதானபோது, கண்ணை மூடுமுன் இமயத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார்கள். பிள்ளைகளின் விடுமுறையை உத்தேசித்து வைகாசி மாதத்தில் கௌசானிக்கு அழைத்துச் சென்றேன். காந்தியடிகள் 1929இல் தங்கியிருந்து கீதைக்குத் தாம் செய்த மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதிய ஊர் அது. ஐந்து நாட்கள் இருந்தோம். ஐந்து விடியற்காலையும் தாயார் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வடக்கு நோக்கி உட்கார்ந்திருந்தார்கள். அரிசி கழுவிய நீரைப் போல் வானம் வெளுத்துக் கிடந்தது; மலையென்று ஒரு கோடுகூடத் தெரியவில்லை. “அங்கேதானே இருக்கிறது? இருந்துவிட்டுப் போகட்டும்” என்று சொல்லி ஆறாம் நாள் இறங்கினார்கள். மறு ஆண்டு முழங்கால் வலி முற்றிவிட்டது. அதன்பின் அவர்களுக்கு மலையேற இயலவில்லை.

கோடையில் பனிமலை மறைவதற்குக் காரணம் முகில் அன்று. சித்திரை, வைகாசி மாதங்களில் கங்கைச் சமவெளி காய்ந்து தூளாகிக் கிடக்கிறது. வெயிலில் சூடேறிய காற்று அத்தூளை உயரே தூக்கிச் செல்கிறது. அதனோடு காட்டுத்தீயின் புகையும் சேர்ந்துகொள்கிறது. குமாவோனின் நடுத்தர உயரங்களில் பெரும்பகுதி சீட் பைன் காடு. பங்குனி தொடங்கி ஆனி வரையில் அதன் ஊசியிலைகள் உதிர்ந்து தரையில் மெத்தைபோல் படிகின்றன. அவை பிசின் நிறைந்தவை. ஒரு பொறி போதும். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். இந்த இரண்டு மாதங்களில் மழை பெய்து தூசி அடங்கினால் ஒரு நாளோ இரண்டு நாளோ மலை தெரியும். அது நம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

கோடைக்கு வேறொரு குறையும் உண்டு. அதை விடுதிக்காரர் சொல்லமாட்டார். மலைக்கிராமங்கள் ஊற்றுநீரை நம்பி வாழ்பவை. நம் ஊர்க் கிணற்றடியைப்போல அங்கே கல்லால் கட்டிய ‘நௌலா’ என்னும் ஊற்றுத் தொட்டிகள் உள்ளன. வைகாசியில் அவற்றில் நீர் நூலிழையாகி விடுகிறது. ஒரு குடம் நிரம்புவதற்குப் பெண்கள் வரிசையில் காத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அதே வேளையில் மேட்டிலுள்ள விடுதிக்கு லாரியில் தண்ணீர் வந்து இறங்குகிறது. நாம் குளிக்கும் இரண்டாவது வாளி எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தால் குளிர் இன்னும் சிறிது கூடுதலாகவே தெரியும்.

ஆனால் வைகாசி, ஆனியை முற்றிலும் தள்ளிவிட நான் துணியமாட்டேன். குமாவோனியரும் நம்மைப்போல் பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றவர்களே. தில்லியிலும் காசியாபாத்திலும் லக்னோவிலும் நம் அண்டை வீட்டில், அலுவலகத்தில், படை முகாமில் அவர்கள் இருக்கின்றனர். பள்ளி விடுமுறையில் குலதெய்வப் பூஜைக்காகக் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார்கள். பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கப்படுவதும், முற்றத்தில் பிள்ளைகளின் கூச்சல் கேட்பதும் அப்பொழுதுதான். காட்டில் காபல் என்னும் சிறு செம்பழம் பழுத்திருக்கும். ராம்கட் பக்கத்தில் பிளம், பீச்சுப் பழங்கள் கூடைகூடையாக வரும். பாண்டே என்றோ ஜோஷி என்றோ பிஷ்ட் என்றோ பெயர் கொண்ட நண்பர் தம் ஊருக்கு அழைத்தால், மாதத்தைப் பாராமல் செல்லுங்கள். மலையைக் காணாவிட்டாலும் மனிதரைக் காண்பீர்கள். ஜூன் 15ஆம் தேதியை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். பவாலிக்கு அப்பாலுள்ள கைஞ்சி ஆசிரமத்தின் ஆண்டு விழா அன்று. அல்மோராச் சாலையில் வண்டிகள் நகரா.

மழைக்காலத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். ஆனி நடுவிலிருந்து புரட்டாசி முதல் பாதி வரையில் பெருமழை. இமயம் வயதில் இளைய மலை. அதன் பாறைகள் நொறுங்கியவை. சாலைக்காகச் சரிவின் அடியை வெட்டியிருக்கிறார்கள். நீர் ஊறியதும் மேற்பகுதி சரிகிறது. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பித்தோராகட் மாவட்டத்து மால்பா என்ற சிற்றூர் நிலச்சரிவில் புதைந்தது. கைலாச யாத்திரிகர்கள் உட்பட இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். ஆடி, ஆவணியில் குழந்தைகளோடும் முதியோரோடும் உள்மலைக்குச் செல்லவேண்டாம் என்பதே என் கருத்து. மலைப் பசுமையின் அழகை எவர் வருணித்தாலும் நான் இதை மாற்றிக்கொள்வதாக இல்லை.

இருந்தும் அக்காலத்தைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். குமாவோனியர் தம் பண்டிகைகள் பலவற்றைச் சூரியமானப்படி, சங்கராந்தியைக் கொண்டு கொண்டாடுகின்றனர். ஆகவே நம் வீட்டுப் பஞ்சாங்கமே அவர்கள் திருநாட்களைக் காட்டிவிடும். ஆடி முதல் நாளில் அவர்களுக்கு ‘ஹரேலா’. ஏறக்குறைய பத்து நாட்களுக்கு முன் கூடையில் மண்ணிட்டுத் தானியங்களை விதைத்து, முளைத்த இளம் பயிரை அன்று அறுத்து, பெரியோர் இளையோர் தலையில் வைத்து வாழ்த்துகிறார்கள். நம் முளைப்பாரியை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோமேசுவர் பள்ளத்தாக்கில் நாற்று நடும்போது ஒருவர் ‘ஹுட்கா’ என்ற சிறு பறையைத் தட்டிப் பாட, பெண்கள் அதற்கேற்ப நடுவதும் இப்பருவத்தில்தான். ஆவணி முதல் நாள் நெய்ச் சங்கராந்தி. இவற்றைக் காணப் பேராவல் கொண்ட இளைஞர் தனியே செல்லலாம். திரும்பும் நாளை உறுதி செய்யாமல் செல்லவேண்டும்.

மழை விடைபெற்றபின் வருவதுதான் குமாவோனின் பொற்காலம். தூசி முழுவதையும் மழை கழுவி விடுகிறது. அதன்பின் வறண்ட வடமேற்குக் காற்று வீசுகிறது. கௌசானியிலிருந்து பார்த்தால் 7,120 மீட்டர் உயர்ந்த திரிசூலும், 7,816 மீட்டர் உயர்ந்த நந்தாதேவியும் கையெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தோன்றும். முன்சியாரியில் பஞ்சசூலி. இப்பெயரைக் கேட்டுச் சூலாயுதம் என்று நம்மவர் கருதுவர். அங்கே ‘சூலி’ என்றால் அடுப்பு. பாண்டவர் விண்ணுலகம் புகுமுன் திரௌபதி கடைசியாகச் சமைத்த ஐந்து அடுப்புகள் என்பது ஐதிகம்; மாலை வெயில் படும்போது ஐந்து சிகரங்களும் தணல்போல் சிவப்பதைக் கண்டால் பெயரிட்டவரின் கண் புரியும்.

ஊரும் அப்பொழுது நிறைந்திருக்கும். கற்கூரைகளின் மீது மிளகாய் சிவக்கக் காய்கிறது. பூசணிக்காய்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வயலில் நெல் அறுப்பு முடிந்து ‘மடுவா’ அறுக்கிறார்கள். மடுவா வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகுதான். அதை அவர்கள் களியாக்காமல் ரொட்டியாகத் தட்டி நெய்யும் வெல்லமும் சேர்த்து உண்கின்றனர். ‘கஹத்’ என்று பரிமாறும் பருப்பு நம் கொள்ளு. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு இப்பால் வந்து, குளிரில் உடம்புக்குச் சூடு தரும் என்று அதே காரணத்தைச் சொல்லி ஒரு கிழவி கொள்ளுச்சாறு ஊற்றும்போது, ஊர் நினைவு வராமல் போகாது. குளிர்காலத் தீவனத்துக்காகப் பெண்கள் செங்குத்தான சரிவுகளில் புல் அறுத்து, ஆளுயரச் சுமையாகத் தூக்கி வந்து மரத்தைச் சுற்றிப் போர் போடுவதும் இப்பருவத்து வேலையே. அவர்களை வழியில் நிறுத்திப் படம் எடுக்கவேண்டாம். சுமை முப்பது நாற்பது கிலோ இருக்கும். ஒரு முறை நின்றால் மறுபடி ஏறுவது எளிதன்று.

இங்கேதான் நம்மவர்க்கு ஒரு சங்கடம். இப்பருவத்தில் பள்ளி விடுமுறை நவராத்திரியோடு வருகிறது. கொலு வைத்த வீட்டைப் பூட்டிவிட்டு எந்த இல்லத்தரசி கிளம்புவாள்? அல்மோராவில் தசராவுக்கு இராவணன் குலத்தார் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உருவம் செய்து பேட்டை பேட்டையாக ஊர்வலம் விடுவதை நான் எத்தனை வருணித்தும் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. மேலும் ஐப்பசித் தொடக்கத்தை முழுவதும் நம்புவதற்கும் இல்லை. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 18, 19 தேதிகளில் பருவம் தப்பிய மழை கொட்டியது. முக்தேசுவரில் ஒரே நாளில் 340 மில்லிமீட்டருக்கு மேல். 1897 முதல் கணக்கு வைத்துவரும் அந்நிலையத்தில் அதற்குமுன் அவ்வளவு பதிவானதில்லை. பலர் உயிரிழந்தனர்; சாலைகள் அறுந்து பிரயாணிகள் சிக்கிக்கொண்டனர். ஆதலால் எந்த மாதமாயினும் புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆகவே என் தீர்ப்பு, ஐப்பசிக் கடைசியும் கார்த்திகை முதற்பாதியுமே சிறந்தவை. தீபாவளி கழிந்திருக்கும், தில்லியின் புகைமூட்டத்திலிருந்து தப்புவதும் ஒரு லாபம். பகலில் இதமான வெயில், இரவில் நல்ல குளிர். பள்ளியில் மூன்று நாள் விடுப்புக் கேட்க நேரலாம். கேளுங்கள்.

மார்கழி, தையில் மலை இன்னும் தெளிவாகத் தெரியும். பனிமழை பெய்து ஓய்ந்த மறுநாளைப்போல் தெளிந்த நாள் வேறில்லை. ஆனால் கிராம வீடுகளில் கணப்பு வசதி குறைவு; இருதய நோயும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்கள் போகக்கூடாது. சமவெளியில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதிக்கும். திடமுள்ளவர் தை முதல் நாளில் பாகேசுவர் செல்லலாம். சரயுவும் கோமதியும் கூடுமிடத்தில் உத்தராயணித் திருவிழா. 1921ஆம் ஆண்டு அத்திருநாளில்தான் கூலியில்லாக் கட்டாய வேலைக்கான பதிவேடுகளை மக்கள் நதியில் எறிந்து, அவ்வழக்கத்தை ஒழித்தனர். இத்திருநாளை ஒட்டி வீட்டுப் பிள்ளைகள் மாவில் செய்த பலகாரங்களை மாலையாகக் கோத்து அணிந்து, காக்கையைக் கூவி அழைத்து ஊட்டுகிறார்கள். கணுப்பிடி வைக்கும் நம் பெண்மணிகள் அங்கிருந்தால் அந்நியமாக உணரமாட்டார்கள்.

பங்குனியைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவேன். முதல் நாளில் சிறுவர் சிறுமியர் வீடுவீடாகச் சென்று வாசற்படியில் மலரிடுகிறார்கள். காடெங்கும் ‘புராம்ஸ்’ மரம் இரத்தச் சிவப்பாகப் பூக்கிறது. நீலகிரிச் சோலைகளில் காட்டுப்பூவரசு என்று வழங்கும் மரத்தின் நெருங்கிய உறவு இது. குளிர் குறைவு, கூட்டம் இல்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு இரண்டாவது சிறந்த பருவம் இதுவே. மலைக்காட்சி மட்டும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வரும். ஆகையால் மாதத்தின் தொடக்கத்திலேயே செல்லவேண்டும்.

செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். காத்கோதாமில் இறங்கியதும் வயிறு நிறைய உண்ணாதீர்கள். வளைவுச் சாலை தொடங்கிவிடும். இருட்டியபின் மலையில் பிரயாணம் வேண்டாம். மூன்று ஊர்களில் ஒவ்வோர் இரவு தங்குவதைவிட ஓர் ஊரில் மூன்று இரவு தங்குங்கள். ஒரு காலை தவறினாலும் இரண்டு மீதி இருக்கும். முதியோருக்கு வடக்குச் சன்னல் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். அவர்களைச் சூரியோதயத்துக்குக் கால் மணி முன்னதாக எழுப்பி, கையில் காப்பியைக் கொடுத்து, சன்னலருகே உட்கார வையுங்கள். பத்து மணிக்கு மேல் மலையை நோக்கி முகில் ஏறத் தொடங்கிவிடும்.