நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் சி.பி.ஆர்.: சொல்லித் தர டாக்டராக இருக்கணும்னு இல்லை!

சென்னை:

செல்போனில் சி.பி.ஆர். வீடியோ பார்க்காதவர்கள் இப்போது குறைவு. ஆனால் பஸ் ஸ்டாண்டிலோ, திருவிழா கூட்டத்திலோ ஒருவர் பொத்தென்று விழுந்தால் என்ன நடக்கிறது? ஒருவர் தண்ணீர் தெளிப்பார். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். இன்னொருவர் கையில் சாவிக்கொத்தை திணிப்பார். நெஞ்சில் கை வைக்க மட்டும் யாருக்கும் தைரியம் வராது.

காரணம் ரொம்ப சிம்பிள். பார்த்திருக்கிறோம், செய்து பழகவில்லை.

பழக்கி விட ஆள் வேண்டும். அந்த ஆள் வெள்ளை கோட்டு போட்ட டாக்டராகத்தான் இருக்கணும் என்று இல்லை. ஆட்டோ டிரைவர், மில் சூப்பர்வைசர், செக்யூரிட்டி, பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் என்று யார் வேண்டுமானாலும் முறைப்படி படித்து, மற்றவர்களுக்கு சொல்லித் தரும் 'இன்ஸ்ட்ரக்டர்' ஆகலாம்.

நாலு நிமிஷ கணக்கு

இதயம் நின்று விட்டால் மூளைக்கு ரத்தம் போகாது. நாலைந்து நிமிஷத்திலேயே மூளை செல்கள் சாக ஆரம்பித்து விடும். தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆனால் எவ்வளவு வேகமாக வந்தாலும், டிராபிக்கை தாண்டி வர நேரம் ஆகத்தானே செய்யும்? அந்த இடைவெளியில் உயிரைப் பிடித்து வைப்பது பக்கத்தில் நிற்பவரின் இரண்டு கைகள்தான்.

அழுத்தும் முறை இதுதான். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன் மேல் இன்னொரு கை. நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழத்துக்கு குறையக் கூடாது, 6 செ.மீ.யை தாண்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும்.

பொம்மை வந்த கதை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் 1960-ல்தான் நெஞ்சை வெளியில் இருந்து அழுத்தும் முறையை உலகுக்கு அறிவித்தனர். அதே ஆண்டு, நார்வே நாட்டு பொம்மை தயாரிப்பாளர் லேர்டால், பயிற்சிக்கு என்றே மனித உருவ பொம்மையை கொண்டு வந்தார். பாரீசில் சீன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் ஊர் பேர் தெரியாத இளம்பெண்ணின் முகத்தைத்தான் அதற்கு வைத்தார்கள்.

அப்புறம் 1972-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் லியோனார்ட் காப், பொதுமக்களுக்கு மொத்தமாக பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். முதல் இரண்டு ஆண்டில் லட்சம் பேருக்கு மேல் கற்றுக் கொண்டனர். படித்த டாக்டர்களுக்குத்தான் இது வரும் என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போனது.

இன்ஸ்ட்ரக்டர் ஆவது எப்படி?

பல நாடுகளில் நடைமுறையில் இருப்பது அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் முறை. இந்தியாவிலும் அதன் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்கள் உள்ளன. அதில் படிப்படியாக இப்படி போக வேண்டும்:

* முதலில் நீங்கள் மாணவர். சி.பி.ஆர். வகுப்பில் சேர்ந்து, செய்து காட்டி, கார்டு வாங்க வேண்டும். இந்த கார்டு 2 ஆண்டு செல்லும்.

* அடுத்து, உங்களை இன்ஸ்ட்ரக்டராக ஏற்றுக் கொள்ள ஒரு பயிற்சி மையம் சம்மதிக்க வேண்டும். தனியாளாக போர்டு மாட்டி வகுப்பு நடத்த முடியாது.

* பிறகு இன்ஸ்ட்ரக்டர் வகுப்பு. ஒரு பகுதி கம்ப்யூட்டரில், ஒரு பகுதி நேரில். இதில் சி.பி.ஆரை மறுபடி சொல்லித் தர மாட்டார்கள். எப்படி சொல்லித் தருவது என்பதைத்தான் சொல்லித் தருவார்கள்.

* அதை முடித்த 6 மாதத்துக்குள், சீனியர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க, நீங்கள் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் இன்ஸ்ட்ரக்டர் கார்டு.

* அந்த கார்டும் 2 ஆண்டுக்குத்தான். புதுப்பிக்க, அதற்குள் குறைந்தது 4 வகுப்பாவது எடுத்திருக்க வேண்டும்.

நம் நாட்டு டாக்டர்கள் உருவாக்கிய முறையும் இருக்கிறது. இந்திய மயக்கவியல் டாக்டர்கள் முன்னின்று, பொதுமக்களுக்காக 2017-ல் 'கோல்ஸ்' என்ற முறையை வெளியிட்டார்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், நெஞ்சை அழுத்தினால் போதும் என்பது இதன் சாரம். (தண்ணீரில் மூழ்கியவர், சின்னக் குழந்தைகள் என்றால் மூச்சும் கொடுப்பது நல்லது.)

வாயை மூடு, கையை விடு!

நல்ல இன்ஸ்ட்ரக்டருக்கு முதல் பாடம், பேச்சைக் குறைப்பது. ஒரு மணி நேரம் இதயத்தின் படம் வரைந்து விளக்கினால், மாணவருக்கு தூக்கம்தான் வரும். பொம்மை மேல் கை வைத்து வியர்த்தால்தான் வித்தை ஏறும். மூன்று பேருக்கு ஒரு பொம்மையாவது இருக்கணும் என்று சொல்வது அதனால்தான்.

சொல்லித் தருவதில் நாலு படி உண்டு. முதலில் பேசாமல் முழு வேகத்தில் செய்து காட்ட வேண்டும். இரண்டாவது, மெதுவாக விளக்கிக் கொண்டே செய்ய வேண்டும். மூன்றாவது, மாணவர் சொல்லச் சொல்ல இன்ஸ்ட்ரக்டர் செய்ய வேண்டும். நாலாவது, மாணவரே செய்ய வேண்டும். டிரைவிங் பழக்குகிற மாதிரிதான்.

திருத்துவதிலும் சூட்சுமம் இருக்கிறது. "தப்பு, தப்பு" என்று கத்தினால் மாணவர் கையை எடுத்து விடுவார். "முழங்கையை மடக்காதீங்க, தோளை நேரா கைக்கு மேல கொண்டு வாங்க" என்று சொன்னால் அடுத்த அழுத்தத்திலேயே சரியாகி விடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம், அவ்வளவுதான்.

மாணவர் கேட்கும் கேள்விகள்

வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களுக்கு பதில் ரெடியாக இருக்க வேண்டும்.

நெஞ்சு வலி என்று பேசிக் கொண்டிருப்பவருக்கு அழுத்தலாமா? கூடாது. மாரடைப்பு வேறு, இதயம் நின்று போவது வேறு. தட்டிக் கூப்பிட்டும் அசைவு இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் மட்டுமே அழுத்த வேண்டும்.

கர்ர்... கர்ர்... என்று இழுக்கிறாரே, அது மூச்சுதானே? இல்லை! இதயம் நின்ற பிறகும் சிலருக்கு இப்படி இழுக்கும். இதை மூச்சு என்று நம்பி காத்திருந்தால் ஆள் கிடைக்க மாட்டார்.

எலும்பு உடைந்து விட்டால்? உடையலாம். உடைந்த எலும்பு சேரும், போன உயிர் திரும்பாது.

விழுந்தது பெண்ணாக இருந்தால்? அதே இடம், அதே அழுத்தம். இந்தக் கூச்சத்தை வகுப்பிலேயே போக்க வேண்டியது இன்ஸ்ட்ரக்டரின் வேலை.

போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமா? சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்கு போடக் கூடாது என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்திலேயே இருக்கிறது.

மறந்து போகும், மறுபடி கூப்பிடுங்க

தமிழ்நாட்டில் கண்டக்டர் லைசென்ஸ் வாங்க முதலுதவி சான்றிதழ் கேட்பது பல பேருக்கு தெரிந்ததுதான். சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கும். கை மட்டும் மறந்து போயிருக்கும். சி.பி.ஆர். பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கி விடும் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே வகுப்பு முடிந்ததும் கைகுலுக்கி அனுப்புவதோடு இன்ஸ்ட்ரக்டர் வேலை முடிவதில்லை. ஆட்டோ ஸ்டாண்டிலோ, தொழிற்சாலை கேன்டீனிலோ ஒரு பொம்மையைப் போட்டு, அதே ஆட்களை மறுபடி கூப்பிட்டு, இரண்டு நிமிஷம் அழுத்தச் சொல்ல வேண்டும். ஸ்டாண்டுக்கு ஒருவர் இப்படி தயாரானால் போதும். அடுத்த தடவை யாராவது சுருண்டு விழும்போது, சாவிக்கொத்துக்கு வேலை இருக்காது.