தொப்பியில் ஏறிய பெயர்

எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவர் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயாராகி வருகிறார். விடிகாலையில் கண்மாய்க் கரையில் ஓட்டம், மாலையில் கணக்கும் பொது அறிவும். போன வாரம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டிக் கேட்டார்: "அண்ணே, மஹர் ரெஜிமென்ட்னு போட்டிருக்கு. மஹர்ங்கிறது சாதிப் பேர்தானே? சாதியைத் தொப்பியில குத்திக்கிட்டா சண்டைக்குப் போறாங்க?"

படத்தில் இருந்தது அந்த ரெஜிமென்ட்டின் தொப்பிச் சின்னம். குறுக்காக வைத்த இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள், ஒரு குத்துவாள், பெயர். "ஆமாம், சாதிப் பேர்தான்" என்று சொல்லிவிட்டு, மேலே எங்கே தொடங்குவது என்று யோசித்தோம். அந்தச் சின்னத்தில் இப்போது குத்துவாள் இருக்கிற இடத்தில் முன்பு வேறொன்று இருந்தது. அதைச் சொல்லாமல் பெயரைப் பற்றிப் பேச முடியாது.

மஹர்கள் மகாராஷ்டிரத்தின் பெரிய தலித் சமூகம். அண்ணல் அம்பேத்கர் பிறந்த சமூகம். ஊர்க் காவல், சேதி கொண்டுபோதல், செத்த மாட்டை அப்புறப்படுத்துதல் எல்லாம் அவர்கள் தலையில்தான். பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில் தீண்டப்படாதவர்கள் மணிக்கட்டிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு கட்ட வேண்டியிருந்தது என்று 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் அம்பேத்கர் எழுதுகிறார். தெரியாமல் யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த அடையாளம். புனே நகரத்துக்குள் வந்தால் காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பம், எச்சில் துப்பக் கழுத்தில் கலயம். உடம்பில் குத்திய சின்னம் என்று பார்த்தால், மஹருக்குக் கிடைத்த முதல் சின்னம் இதுதான்.

அந்தப் பேஷ்வாக்களில் கடைசியானவர் இரண்டாம் பாஜிராவ். அவருடைய படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் 1818 ஜனவரி 1 அன்று பீமா நதிக்கரையில் கோரேகாவ் என்ற ஊரில் மோதின. கம்பெனி பக்கம் சுமார் 800 பேர். பம்பாய் காலாட்படைச் சிப்பாய்களில் கணிசமானவர்கள் மஹர்கள். இரண்டு பீரங்கிகளும் இருந்தன. அவற்றை இயக்கிய வெள்ளைக்காரர்கள் நம் மதராஸ் பீரங்கிப் படையிலிருந்து போனவர்கள். இரவெல்லாம் நடந்து வந்த களைப்போடு, குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல், பகல் முழுக்க அந்த ஊரை விடாமல் பிடித்து நின்றார்கள். இரவில் பேஷ்வாவின் படை விலகிப் போனது.

கம்பெனி தன் பெருமைக்காக அங்கே ஒரு கல்தூண் எழுப்பியது. இதில் நமக்கு மயக்கம் வேண்டாம். சாதியை ஒழிக்க நடந்த போர் அல்ல அது. சிப்பாய்கள் சம்பளத்துக்குப் போரிட்டார்கள், கம்பெனி நாட்டைப் பிடிக்கப் போரிட்டது. ஆனால் செத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டியபோது, கம்பெனி தெரிந்தோ தெரியாமலோ ஒரு காரியம் செய்துவிட்டது. அதில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அக்கால மஹர்களின் பெயர் அப்படித்தான் முடியும். ஊருக்குள் நிழல் விழக் கூடாத மனிதர்களின் பெயர், பெயராகவே, கல்லில் நின்றது.

அந்தச் சண்டைக்கு ஒரு பதக்கமும் உண்டு. 1851இல் வெளியிட்ட இந்திய ராணுவப் பதக்கத்தின் நாடாவில் 'கோரேகாவ்' என்று பொறித்த வெள்ளிப் பட்டை சேர்த்துக் கொடுத்தார்கள். சண்டை நடந்து 33 ஆண்டு கழித்து, அதுவரை உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். தூணில் பெயர் உள்ளவருக்குப் பதக்கம் இல்லை.

பம்பாய்ப் படையில் மஹர்கள் தொடர்ந்து சேர்ந்தார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். ராணுவப் பள்ளிகள் இருந்ததால்தான் அந்தக் குடும்பங்களில் ஆணும் பெண்ணும் எழுத்துப் படித்தார்கள். அம்பேத்கர் 1891இல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். அடுத்த ஆண்டே, 1892இல், மஹர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்திவிட்டது. 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டார்கள். கோரேகாவில் போர்க்குணம் இருந்தவர்களுக்கு 74 ஆண்டில் அது வற்றிப் போயிற்றாம்! மேல்சாதிச் சிப்பாய்கள் மஹர் அதிகாரிக்குச் சல்யூட் அடிக்க முகம் சுளித்தார்கள் என்பதுதான் விஷயம்.

அதன்பின் மனு மேல் மனு. ஓய்வுபெற்ற ராணுவத்தார் கோபால் பாபா வலங்கர் எழுதினார். சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இல் லண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்கே எழுதினார். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1917இல், 111ஆவது மஹர் படை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். போர் முடிந்தது, 1921இல் கலைத்துவிட்டார்கள். அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று கோரேகாவ் தூணடியில் கூட்டம் நடத்தினார். அதே ஆண்டு மார்ச்சில்தான் மஹத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941இல் அம்பேத்கர் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றார். அந்த ஆண்டு அக்டோபரில் பெல்காமில் மஹர் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் எழுந்தது. அதன் தொப்பிச் சின்னத்தில் இருந்தது கோரேகாவ் தூண். மேலே 'மஹர்' என்ற சொல்.

அந்தச் சொல்லை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊர் எல்லையில் நின்று கூப்பிடும்போது அது வசவு. தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கச் சொல்லும் சொல். அதே சொல்லை உலோகத்தில் வார்த்து நெற்றிக்கு மேலே குத்திக்கொண்டு அணிவகுத்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டு மரியாதை தேடுவது ஒரு வழி. நம்மிலும் பலர் அதைச் செய்தோம், குற்றம் சொல்வதற்கில்லை. இவர்கள் பெயரை மாற்றவில்லை.

1946இல் அது மஹர் இயந்திரத் துப்பாக்கி ரெஜிமென்ட் ஆனது. சின்னத்தில் துப்பாக்கிகள் ஏறின, மற்ற சமூகத்தாரும் சேர்ந்தார்கள். பின்னர் தூணை எடுத்துவிட்டுக் குத்துவாள் வைத்தார்கள். தூண் தொப்பியை விட்டுப் போனது, பெயர் நின்றது. (1943இல் தொடங்கிய சமார் ரெஜிமென்ட்டுக்கு அந்த அளவும் மிஞ்சவில்லை. 1946இல் அதையே கலைத்துவிட்டார்கள்.)

பெயர் நின்றதால் நடந்ததைத் தம்பிக்குச் சொன்னோம். செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி, அவருக்கு முன்பு ஜெனரல் கிருஷ்ணா ராவ், இருவரும் மஹர் ரெஜிமென்ட்டிலிருந்து தரைப்படைத் தளபதி ஆனவர்கள். பம்பாய்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அதன் 8ஆவது பட்டாலியன்காரர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இறந்தார், பரம் வீர் சக்ரா பெற்றார். அந்தப் படை அங்கே போனது பற்றி நமக்கு வேறு கருத்துகள் உண்டு, அது தனிக் கட்டுரை. இங்கே சொல்ல வந்தது, இவர்கள் யாரும் மஹர்கள் அல்ல என்பதை. மஹர் என்ற பெயரைத் தலையில் வைத்துக்கொண்டுதான் இவர்கள் சல்யூட் வாங்கினார்கள்.

"நம்ம ஆளுங்களுக்கு அப்படி இல்லையாண்ணே?" என்றார் தம்பி. இருந்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாலம் கட்டினார்கள், பாதை வெட்டினார்கள். அந்தப் படையினருக்கு ராணுவத்தில் இன்றும் 'தம்பி' என்றுதான் செல்லப் பெயர். ஆனால் அவர்கள் தொப்பியில் சாதிப் பெயர் ஏறவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எங்களுக்குள்ளேயே அன்று விவாதம் எழுந்தது. படைக்குச் சாதிப் பெயரே கூடாது என்றார் ஒரு தோழர். எல்லாப் படைப் பெயரும் போகட்டும், அன்றைக்கு இதுவும் போகட்டும், முதலில் இதை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள் என்றோம் நாங்கள்.

எங்கள் பக்கத்துச் சேரியில் ஹவில்தாராக ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். டிரங்குப் பெட்டியில் பதக்கங்களைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். லீவில் வரும்போதெல்லாம் யூனிபார்மோடுதான் பஸ்ஸை விட்டு இறங்குவாராம். "தோள்ல மூணு பட்டை இருக்கிறப்ப கண்ணாடி கிளாஸ்ல டீ குடுப்பான். வீட்டுக்குப் போயி கைலி கட்டிட்டு வந்தா கிளாஸ் மாறிரும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பையன்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் கலர் கயிறு கட்டியிருந்தான். தெற்கத்திப் பள்ளிகளில் எந்தக் கலர் எந்தச் சாதி என்று வாத்தியார்களுக்கும் தெரியும். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்திருக்கிறது. பேஷ்வா காலத்தில் கட்டச் சொல்லி அடித்த கயிறு, இப்போது கடையில் காசு கொடுத்து வாங்கிக் கட்டப்படுகிறது. "அவங்க கட்டுறாங்க, அதனால நாங்களும் கட்டுறோம்" என்றான் பையன். கறுப்புக் கயிற்றின் கதையை அவனுக்கு இன்னொரு முறை சொன்னோம். கழற்றச் சொல்லவில்லை. சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

முகாமுக்குப் போகும் தம்பிக்கு அடுத்த மாதம் ஓட்டத் தேர்வு. அக்னிவீரராகச் சேர்ந்தால் 4 ஆண்டுதான், அதற்கும் ஒரு தனிச் சின்னம் உண்டு. கொண்டுவர வேண்டிய சான்றிதழ்களின் பட்டியலில் சாதிச் சான்றிதழும் இருக்கிறது. "ராணுவத்துல இட ஒதுக்கீடே கிடையாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க, அப்புறம் இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினார்.