கரும்பலகையும் கம்பெனியும்

கேளம்பாக்கத்தை அடுத்த தையூரில், சென்னை ஐ.ஐ.டி.யின் புதிய வளாகத்தில், 422 மீட்டர் நீளத்துக்கு இரும்புக் குழாய் ஒன்று போட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் காற்றைப் பெருமளவு உறிஞ்சிவிட்டு, காந்த விசையில் மிதக்கும் பெட்டியை ஓடவிட்டுப் பார்ப்பதற்கான ஹைப்பர்லூப் தடம் அது. ரயில்வே நிதி கொடுத்தது. 'ஆவிஷ்கார்' மாணவர் குழு உழைத்தது. இந்த ஆய்வைத் தொழிலாக்க 'டியூட்டர் ஹைப்பர்லூப்' என்ற கம்பெனியும் பிறந்துவிட்டது.

அந்த மாணவர்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி, எரிதலை ஆராய்பவர். ராக்கெட் இன்ஜினுக்குள் சுடரின் துடிப்பும் அழுத்த அலையும் ஒன்றையொன்று தூண்டிவிட்டால் இன்ஜினே சிதறிப்போகலாம். அது ஏன், எப்படி நடக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த அறிவைக் காசு கொடுத்துக் கடையில் வாங்க முடியாது. அமெரிக்காவில் நிதித்துறையில் இருந்த ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், ராக்கெட் செய்யும் ஆசையோடு பேராசிரியர்களைத் தேடி அலைந்தபோது கைகொடுத்தவர் இவர். மொயின் என்பவரும் சேர்ந்துகொள்ள, 2017-ல் 'அக்னிகுல்' தொடங்கியது. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய இன்ஜினுடன் அவர்களுடைய சோதனை ராக்கெட், பலமுறை தள்ளிப்போன பிறகு, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. மின்சார வான்டாக்ஸிக்கான 'இபிளேன்' கம்பெனியும் இவர் தொடங்கியதுதான்.

இத்தனைக்கும் அவர் வாத்தியார் வேலையை விடவில்லை. என் பார்வையில் இதுதான் விஷயத்தின் உயிர். அக்னிகுலின் முதல் ராக்கெட் பறக்கவே ஏழு ஆண்டு ஆனது. கம்பெனி வருமானத்தை நம்பிக் குடும்பம் நடத்துபவரால் அவ்வளவு காலம் பொறுத்திருக்க முடியுமா? மாதச் சம்பளம் அவருக்கு அந்தப் பொறுமையைக் கொடுத்தது.

அரசுப் பணத்தில் வளர்ந்த ஆய்வு தனியார் கைக்குப் போகலாமா என்ற கேள்வி நியாயமானது. கம்பெனியில் கல்வி நிறுவனத்துக்கும் பங்கு இருக்க வேண்டும். வகுப்பு நேரம் குறையவே கூடாது. இந்த இரண்டையும் எழுத்தில் உறுதி செய்துவிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சென்னையின் ஓ.எம்.ஆரிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் வரிசையாகப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் விடைத்தாளுக்கும், கல்லூரியைப் பார்வையிட வரும் ஆய்வுக்குழுவுக்கான ஃபைல்களுக்கும் நடுவே ஓய்ந்துபோகிறார்கள். கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அட்மிஷன் நேரத்தில் அவர்களை ஆள்பிடிக்க அனுப்பாதீர்கள். மாலையில் ஆய்வகச் சாவியைக் கொடுங்கள். காப்புரிமையில் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். ஓராண்டு விடுப்பில் போய்க் கம்பெனி தொடங்கிப் பார்க்கட்டும். தோற்றுத் திரும்பினாலும் அவர்கள் நாற்காலி அவர்களுக்கே இருக்கட்டும்.