உவர் நிலமும் நிலவறையும்

மரக்காணத்து உப்பளத்தின் வரப்பில் நின்றுகொண்டு, பூமிக்குள்ளே அறை அமைத்து அதில் வெதுவெதுப்பாக வாசம் செய்வதைப் பற்றிப் பேசுவது பரிகாசத்துக்கு இடமாகலாம். இங்கே சற்றே தோண்டினாலும் உவர்நீர் ஊறிக் குழியை நிரப்பிவிடும், குளிரோ மார்கழி விடியலில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் அகன்றுவிடும். நம் கொத்தனார் 'பேஸ்மட்டம்' என்று சொல்வதுகூட மனிதர் வசிக்கும் இடமன்று. மணல் நிரப்பித் திமிசு போட்டு, மழைவெள்ளத்துக்கு மேலே வீட்டைத் தூக்கி நிறுத்தும் அடித்தளமே அது. ஆயினும் 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து கனடா சென்ற தமிழர் பலர், டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் முதன்முதலாகக் குடிபுகுந்தது 'பேஸ்மென்ட்' என்னும் நிலவறைகளில்தான். அவ்வறையின் சௌகரியத்துக்குச் சத்துரு யாரென்று விசாரித்தால், குளிருக்கு முன்னே வந்து நிற்பது, நம் கடற்கரைக்காரருக்கு நன்கு பழகிய ஈரமே.

முதலில் பூமியின் சுபாவத்தைச் சொல்லவேண்டும். மேற்பரப்பில் கோடையும் குளிரும் எவ்வளவு உக்கிரமாக மாறி மாறி வந்தாலும், அம்மாறுதல்கள் ஆழம் செல்லச் செல்லத் தேய்ந்து, காலத்தாலும் பின்தங்கி, பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே அநேகமாக மறைந்து, அந்த ஊரின் வருஷ சராசரியை ஒட்டிய உஷ்ணமே நிலைத்து நிற்கிறது. பாரிஸ் வானாய்வகத்தின் 28 மீட்டர் ஆழ நிலவறையில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உஷ்ணமானி வைத்து இதைக் கண்டறிந்தார்கள். மரக்காணத்தில் அந்தச் சராசரி ஏறத்தாழ 28 டிகிரி. டொரான்டோவிலோ 9 அல்லது 10. எனவே வெளியே பனி உறைந்து கிடந்தாலும் நிலவறையின் தரை உறைவதில்லை. ஆனால் அத்தரையில் வெறுங்காலோடு நிற்பதைச் சுகமென்று எவரும் சொல்லார். தரையைக் காட்டிலும் கொடியது, மண்ணுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் சுவரின் மேற்பகுதியும், மர உத்தரங்கள் சுவரின்மேல் அமரும் சந்துகளுமே. குளிர்காற்று பெரும்பாலும் நுழைவது அவ்வழியாகத்தான்.

கான்கிரீட் கல்போல் தோன்றினாலும், நுண்துளைகளின் வழியே மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. அந்த நீர் சுவரின் முகத்தில் ஆவியாகும்போது உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. பாத்தியில் உப்பு விளைவதும் இதே காரியந்தான், அங்கே அது லாபம், இங்கே நஷ்டம். ஆகையால் அஸ்திவாரத்தைச் சுற்றி வடிகுழாய் பதித்து, அதில் சேரும் நீரைக் குழியொன்றில் தேக்கி மோட்டாரால் இறைத்த பின்னரே சுவருக்குப் போர்வை இடவேண்டும். அந்தப் போர்வை நுரைப்பலகையாக, இடைவெளியின்றிச் சுவரோடு ஒட்டியிருப்பது உத்தமம். கண்ணாடிப் பஞ்சை மாத்திரம் திணித்தால், சோறும் ரசமும் கொதிக்கும் நம்மவர் வீட்டுக் காற்றின் ஈரம் பஞ்சை ஊடுருவிச் சென்று, குளிர்ந்த கான்கிரீட்டில் முத்து முத்தாக வியர்த்து, பூஞ்சணத்துக்கு விருந்து வைக்கும்.

கோடையில் நம் வழக்கமான புத்தி இன்னொரு விதத்தில் ஏமாற்றும். ஈரவாடை அடித்தால் ஜன்னலைத் திறந்து காற்றாட விடுவது நமக்குப் பிறவிப் பழக்கம். ஆனால் ஜூலை மாதத்துப் புழுக்கக் காற்று அந்தக் குளிர்ந்த அறைக்குள் புகுந்தால், ஐஸ் போட்ட சொம்பின் வெளிப்புறம்போல் சுவர்கள் நனையும். அங்கே ஜன்னலைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் யந்திரத்தை ஓடவிடுவதே விவேகம்.

இவ்வளவும் ஆனபின் மிஞ்சுவது உஷ்ணமூட்டும் வேலை, அது எளிது. அநேக வீடுகளில் சூடான காற்று வரும் துவாரங்கள் நிலவறைக் கூரையிலேயே அமைந்திருப்பதால், லேசான அந்தக் காற்று மேலேயே மிதந்து தலையை வாட்ட, பாதம் விறைத்துக் கிடக்கும். கொரியர்கள் அடுப்பின் புகையைத் தரைக்கடியில் ஓடவிட்டுப் பன்னெடுங்காலமாக 'ஒண்டோல்' என்னும் முறையில் வீட்டைச் சூடாக்கி வந்தார்கள். இன்று புகைக்குப் பதிலாக வெந்நீர்க் குழாய்களைத் தரைக்குள் பதிக்கிறார்கள். அதற்கு வசதியில்லாதவர், காற்றுத் துவாரத்தைச் சுவரின் அடிப்பக்கம் இறக்கி, கான்கிரீட்டுக்கும் மரப்பலகைக்கும் நடுவே சிறிது இடம் விட்டுத் தரை போட்டுக்கொண்டால், பாய் விரித்துப் படுக்கவும் கூடும்.