காந்தத்தின் கணக்குப் போட்ட பெண்

தையல் ஊசி கீழே விழுந்தால் காந்தத்தைக் காட்டி எடுத்துவிடுகிறோம். அந்த இழுவை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த ஒரு பெண்ணைப் பற்றியே இம்முறை எழுதுகிறேன். அவர் ஹென்ட்ரிகா ஜோஹானா வான் லீவன். ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரில் 1887இல் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற பேராசிரியர் லோரன்ட்ஸின் மாணவியாக இருந்து 1919இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

நான் படித்தது சமூகவியல். எனவே அவரது ஆய்வை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். எல்லாப் பொருள்களுக்குள்ளும் இலத்திரன் என்னும் மிகச் சிறிய துணிக்கைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை சுற்றுவதால்தான் காந்தத்தன்மை உண்டாகிறது என்று அறிஞர்கள் எண்ணினார்கள். வான் லீவன் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். உள்ளே சுற்றும் இலத்திரன்கள் ஒரு பக்கமாகக் காந்தத்தன்மையைத் தருகின்றன. ஓரத்தில் மோதி மோதிச் செல்பவை அதற்கு எதிர்ப்பக்கமாகத் தருகின்றன. கூட்டிப் பார்த்தால் மிச்சம் பூச்சியம்! நியூற்றன் காலத்திலிருந்து வந்த விதிகள் மட்டும் போதுமென்றால் உலகில் காந்தமே இருக்கக்கூடாது. ஆனால் காந்தம் கையில் இருக்கிறதே. ஆகவே குறை விதிகளில்தான். அவரது ஆசிரியர் புகழ்பெற்றதே இலத்திரன் கொள்கையால் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

டென்மார்க்கின் நீல்ஸ் போஹ்ரும் 1911இல் இதே முடிவை எழுதியிருந்தார். டேனிஷ் மொழியில் இருந்ததால் அது பரவவில்லை. வான் லீவன் தனியாகவே அந்த முடிவுக்கு வந்தார். இன்று அது இருவர் பெயராலும் போஹ்ர் - வான் லீவன் தேற்றம் எனப்படுகிறது. இலத்திரனுக்குத் தற்சுழற்சி உண்டு என்று 1925இல் அதே லைடனைச் சேர்ந்த இரு இளைஞர்கள் சொன்னார்கள். அதன் பின்னர் வந்த புதிய பௌதிகவியலே காந்தத்துக்குச் சரியான விளக்கம் தந்தது.

என் மனதை நெருடியது அவரது உத்தியோகம்தான். 1920இல் டெல்ஃப்ட் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்தார். கலாநிதிப் பட்டம் இருந்தும் 27 வருடங்கள் அதே பதவி. இடையில் 1940 முதல் ஐந்து வருடங்கள் நாடு ஜேர்மனியரின் பிடியில் இருந்தது. 1944 - 45 குளிர்காலத்தில் மேற்குப் பகுதி நகரங்கள் பட்டினி கிடந்தன. போர் முடிந்து, 1947இல், ஏறக்குறைய அறுபது வயதில்தான் அவருக்கு விரிவுரையாளர் பதவி கிடைத்தது.

1974இல் டெல்ஃப்ட் நகரிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 86.